மேட்டாஸ்பத்திரி பாக்கெட்டுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நூல் சாதா நூல்தான். நாவற்கோட்டை பஜாரில் எல்லாரும் வாங்குகிற அதே வெள்ளை நூல், ஊசியும் சாதா ஊசி, துணி என்றால் அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை மூட்டை கட்டி அனுப்புகிற, முதல் சலவையில் ஒரு சாண் சுருங்கிப்போகிற காடாத் துணி. இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் என்னை நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவிடாமல் 'அண்ணாச்சி, அது மந்திரிச்ச நூலா?' என்று கேட்கிறார்கள். தைத்த கையைப் பற்றி ஒரு பயல் கேட்டதில்லை. நான் சங்கரபாகம், மேட்டாஸ்பத்திரித் தையல்காரன், கிரேடு இரண்டு. கிரேடு ஒன்று யார் என்று கேட்காதீர்கள், அப்படி ஒரு ஆளை நியமிக்கவே இல்லை. இருபத்தாறு வருஷம், இல்லாத ஒருத்தனுக்குக் கீழே வேலை பார்த்தேன்.

மேட்டாஸ்பத்திரி என்பது ஊருக்கு வடக்கே மேட்டின்மேல் இருக்கிற மனநோய் ஆஸ்பத்திரி. ஊர்க்காரர்கள் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'மேடு' என்பார்கள், அதையும் வடக்கே பார்க்காமல் சொல்வார்கள். பஸ் அந்த ஸ்டாப்பைத் தாண்டும்போது ஜன்னலோரம் இருக்கிறவர்களுக்கெல்லாம் திடீரென்று எதிர்ப்பக்கத்து வயலில் என்ன நட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த மேட்டுக்குத்தான் டாக்டர் ரூபவதி ஆசீர்வாதம் சூப்பரின்டெண்டாக வந்தார். ஜட்கா வண்டியில், ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்றைப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரியை உட்காரவைத்த மாதிரி அணைத்துப் பிடித்தபடி வந்து இறங்கி, "இங்க இருக்கிறவங்க தன் மூஞ்சியப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார். ஹெட் வார்டர் அந்தோணிக்கண் விறைப்பாக நின்று, "அதுக்கு ரிஜிஸ்டர் இல்லீங்கம்மா" என்றார். கண்ணாடி வராந்தாவில் ஏறியது. அப்புறம் கொல்லனைக் கூப்பிட்டு ஆட்கள் காலில் கிடந்த சங்கிலியை எல்லாம் வெட்டச் சொன்னார். வெட்டியதைத் தூரப் போடவும் விடவில்லை. புங்க மரங்களில் அதே சங்கிலிகளால் ஆறு ஊஞ்சல் கட்டவைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஊஞ்சலில் தானே ஏறி உட்கார்ந்து, "அந்தோணிக்கண், தள்ளுங்க" என்றார். காக்கி உடுப்பும் பித்தளைப் பொத்தானும் போட்ட ஹெட் வார்டர், சூப்பரின்டெண்டை ஊஞ்சலில் வைத்துத் தள்ளிய காட்சியைப் பார்த்து, அதுவரை பன்னிரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாமலிருந்த ஒரு பெரியவர், "இன்னும் வேகமா" என்றார்.

இப்படி ஒவ்வொன்றாக மாற்றினார். நம்பர் போய்ப் பேர் வந்தது. தகரத் தட்டு போய் இலை வந்தது. வராதது ஒன்றே ஒன்றுதான், ஆட்கள். டாக்டரம்மா வந்ததிலிருந்து பதினாறு வருஷத்தில் பார்வையாளர் நோட்டில் ஒரே ஒரு கையெழுத்துதான் விழுந்தது, அதுவும் பசுமாட்டைத் தேடி வந்த ஒருத்தருடையது. அவரை டாக்டரம்மா விடவே இல்லை. காப்பி கொடுத்து, பெஞ்சில் உட்காரவைத்து, நாலு நோயாளிகளை அறிமுகம் செய்துவைத்து, "அடுத்த வாரமும் வாங்க" என்று கேட்வரை போய் வழியனுப்பினார். பாவி மனுஷனுக்கு மாடு கிடைத்துவிட்டது, அப்புறம் வரவில்லை.

இதில் எங்கள் எல்லாருக்கும் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தவள் வடிவு. இருபது வயதில் ஒரு ஆடி மாதம் புத்தி தடுமாறி, காலில் சங்கிலியோடு வந்து சேர்ந்தவள். அந்தச் சங்கிலிதான் இப்போது மூன்றாவது ஊஞ்சல். அவளுக்குக் குணமாகி ஒன்பது வருஷம் ஆயிற்று. சமையல்கட்டில் சாம்பாருக்கு அவள்தான் அதிகாரி, என் தையலில் குற்றம் சொல்லக்கூடத் துணிந்தவள். ஆனால் சொந்தக்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனால்தான் விடலாம் என்பது விதி. பனையங்குளத்தில் இருந்த அவள் வீட்டுக்கு டாக்டரம்மா முப்பத்தொரு கடுதாசி எழுதினார். முப்பத்தொன்றும் 'அப்படி யாரும் இங்கு இல்லை' என்று திரும்பி வந்தது. "வடிவை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் நான் இந்தக் கேட்டைத் தாண்டுவேன்" என்று டாக்டரம்மா ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வடிவு அதைக் கேட்டு, "அப்போ அம்மாவும் நம்மகூடத்தான், நிரந்தரம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாக்கெட்டுக்கு வருகிறேன். நோயாளிகளின் காடா அங்கிக்குப் பாக்கெட் கிடையாது, எதையாவது ஒளித்துவைப்பார்களாம். டாக்டரம்மா தன் மூன்றாவது வருஷத்திலேயே ஆரம்பித்துவிட்டார், அங்கிக்கு ஒரு பாக்கெட் வேண்டும் என்று மேலிடத்துக்கு மனு. 'நோயாளியின் உடையில் சட்டைப்பை தேவைப்படுவதற்கான காரணம் தெளிவாக இல்லை' என்று பதில் வந்தது. டாக்டரம்மா திருப்பி எழுதினார்: 'கையை வைக்க.' மறுபடி மறுத்தார்கள். மறுபடி எழுதினார். என்னிடம் ஒருநாள், "சங்கரபாகம், ஒரு மனுஷனுக்குத் தனக்குன்னு வச்சுக்க ஆறு அங்குலம் இடம்கூட இல்லேன்னா, அவன் எதுக்காகக் குணமாகணும், சொல்லுங்க?" என்று கேட்டார். நான் என் சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டேன், அப்புறம் வெட்கமாகப் போய்விட்டது.

பதின்மூன்று வருஷம் கழித்து, பதினாலாவது மனுவுக்கு உத்தரவு வந்தது. உடை ஒன்றுக்குப் பை ஒன்று, வலப்புறம், ஆழம் ஆறு அங்குலத்துக்கு மிகாமல். ஆவணி மாதம் முழுக்க மிஷினை மிதித்து முந்நூற்று நாற்பது பாக்கெட் தைத்தேன். ஆறு அங்குலம், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரட்டைத் தையல். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

புது அங்கி போட்ட முதல் நாள் காலையில் எல்லாரும் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்திகள் மாதிரி வராந்தாவில் மேலும் கீழுமாக நடந்தார்கள். வடிவு என் மிஷின் பக்கம் வந்து, "அண்ணாச்சி, பாக்கெட்டுக்குள்ள என்னத்தையோ வச்சுத் தச்சுட்டிய, குத்துது" என்றாள். நானா, வைத்துத் தைப்பேனா? வெளியே எடு பார்ப்போம் என்றேன். எடுத்தாள். போஸ்ட்மாஸ்டர் ஆறுமுகநயினாரின் பல்செட். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் குளிக்கும்போது தும்மியதில் போனது, அன்றிலிருந்து அந்த மனுஷன் தந்தி வாசித்தால் நல்ல சேதியா கெட்ட சேதியா என்றே யாருக்கும் விளங்காமல் இருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் ஆண்கள் வார்டில் ஒரு பாக்கெட்டிலிருந்து நான்கு கம்மல் திருகாணியும், இன்னொன்றிலிருந்து கோயில் யானையின் கழுத்து மணியும், பேசாமலிருந்து 'இன்னும் வேகமா' என்ற அந்தப் பெரியவரின் பாக்கெட்டிலிருந்து, பிடி முதலில், அப்புறம் துணி, அப்புறம் கம்பி என்று ஒரு முழு நீளக் கறுப்புக் குடையும் வந்தன. நான் ஓடிப்போய்ப் பாக்கெட்டைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். ஒரு இழை விடவில்லை. மூன்றடிக் குடை ஆறு அங்குலப் பாக்கெட்டிலிருந்து வந்திருக்கிறது, என் தையல் அப்படியே இருக்கிறது, இதைப் பார்த்து அந்தோணிக்கண் என்ன சொன்னார் தெரியுமா? "குடை நல்ல குடைவே" என்றார்.

சாமான்களைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியதும் ஊர் முதலில் செய்தது, போலீசுக்குப் போனது. மேட்டில் இருக்கிறவர்கள் ராத்திரி சுவரேறி வந்து திருடுகிறார்கள் என்று புகார். விசாரிக்க வந்த ஏட்டையா மீசையை முறுக்கிக்கொண்டு, "எங்க, எடு பாப்போம்" என்று வடிவிடம் சொல்ல, அவள் எடுத்தது அவருடைய விசில். ஏட்டையா அதை வாங்கி ஊதிப்பார்த்து, "எங்க வீட்டுக்காரியோட ஒரு வெள்ளிக் கொலுசு கூட…" என்று இழுத்தார். அவ்வளவுதான் விசாரணை.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. பழகுவதில் நாவற்கோட்டைக்காரர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. சாவி தொலைந்தால் மேட்டுக்குப் போ, மூக்குக்கண்ணாடி தொலைந்தால் மேட்டுக்குப் போ, கோழி காணவில்லை என்றால் மேட்டுக்குப் போ, என்று ஆகிப்போய், செவ்வாய்க்கிழமை பார்வை நேரமான நாலு மணிக்கு முன்னாலேயே கேட்டிலிருந்து ரோடுவரை வரிசை நின்றது. காணாமல் போனதை மை போட்டுச் சொல்கிற மாசிலாமணி, தன் பிழைப்பு போயிற்று என்று கலெக்டருக்கு மனு எழுதினார். அந்த மனுவும் வழியில் தொலைந்துபோய், தொலைந்ததைத் தேடி அவரும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

டாக்டரம்மா அப்போதுதான் தன் விதியைப் போட்டார். வந்தோமா வாங்கினோமா என்று யாரும் ஓடக் கூடாது. பெஞ்சில் உட்கார வேண்டும், எதிரில் இருக்கிறவரின் பேரைக் கேட்டுத் தன் பேரைச் சொல்ல வேண்டும், பொருள் எப்படித் தொலைந்தது என்ற கதையை ஒன்று விடாமல் முழுசாகச் சொல்ல வேண்டும். கதை முடிந்தால்தான் கை பாக்கெட்டுக்குள் போகும். சுருக்கிச் சொன்னவனுக்கு ஒன்றும் வரவில்லை, அது விதியாலா பாக்கெட்டாலா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு திருகாணி தொலைந்த கதை என்று ஆரம்பித்தால் அதில் ஓரகத்தி வருகிறாள், ஓரகத்தியின் அண்ணன் வருகிறான், அவன் போன தேர்தலில் நின்றது வருகிறது. மணி அஞ்சரைக்கு அடிக்கும்போது நோயாளிகள் எல்லாம் களைத்துப்போயிருப்பார்கள். "அம்மா, இன்னிக்கு வந்த அந்த மஞ்சள் சேலைக்காரிய நாம இங்க அட்மிட் பண்ணிரலாம். வீட்டுக்குப் போனா இன்னும் மோசமாயிரும்" என்று வடிவே ஒருநாள் டாக்டரம்மாவிடம் சிபாரிசு செய்தாள்.

ஊரில் எல்லாரும் என்னிடம் வந்து அதே மாதிரி பாக்கெட் தைத்துக் கேட்டார்கள். ரவிக்கைக்குத் தைத்தேன், வேட்டிக்குக்கூட ஒருத்தருக்குத் தைத்தேன். ஒரு குண்டூசி வரவில்லை. அப்போ பைத்தியமாக இருந்தால்தான் வரும்போல என்று தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருத்தர், தொலைந்துபோன ஒரு கட்டுக் காகிதத்துக்காக, தலையில் வேப்பிலையைச் செருகிக்கொண்டு வந்து தரையில் உருண்டார். டாக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. அதுக்கு என்கிட்ட மருந்தும் இல்லை, எழுந்திருங்க" என்றார்.

இதற்கு நடுவே மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி, சட்டைப்பைகளால் ஆஸ்பத்திரி சந்தைக்கடையாகிவிட்டது, எல்லாவற்றையும் பிரித்தெடுக்க வேண்டும் என்ற உத்தரவோடு ரயிலேறி வந்தார். வந்தவர் பெட்டியைத் திறந்தால் உத்தரவைக் காணவில்லை. வெற்றிலை போட்ட வாயை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து, ரயிலில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று முழுக் கதையையும் சொன்னார். வடிவின் பாக்கெட்டிலிருந்து உத்தரவு முத்திரையோடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பாக்கெட்டைப் பார்த்தார், உத்தரவைப் பார்த்தார், மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார், அடுத்த ரயிலில் போய்விட்டார். பாக்கெட்டைப் பற்றிப் பிறகு கடுதாசி ஒன்றும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது இதில்லை. ஆட்கள் வந்தார்களா, வந்தவர்களில் சிலருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது தன் சித்தப்பா என்றோ, தன் மதினி என்றோ தெரிய வந்தது. முதலில் தெரியாதது மாதிரி இருந்தார்கள். மூன்றாவது செவ்வாய்க்கிழமை முறுக்கு கொண்டுவந்தார்கள். ஆறாவது செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டார்கள். இப்படி மூன்று வருஷத்தில் எண்பது பேருக்கு மேல் வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொருத்தரும் போகும்போது டாக்டரம்மா கேட்வரை போய் வழியனுப்பிவிட்டு, திரும்பி வடிவைப் பார்ப்பார். வடிவு பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நிற்பாள். ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவளுக்குத் தன் ஆள் ஒருத்தர் வரவில்லை. பாக்கெட், யாராவது தேடுகிற பொருளைத்தான் கொடுக்கும். வடிவை யாரும் தேடவில்லையே.

அப்புறம் மேலிடத்திலிருந்து ஒரு லிஸ்ட் வந்தது. டாக்டரம்மா ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி ரிட்டயர் ஆகிறார், அதற்குப் பிறகும் யாரும் உரிமை கோராத பழைய நோயாளிகளை மறுநாளே வேனில் ஏற்றிச் சென்னைப் பக்கம் ஒரு பெரிய காப்பகத்துக்கு மாற்றிவிட வேண்டும், அங்கே போனால் அங்கேயேதான். லிஸ்டில் முதல் பேர் வடிவு. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு என் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "சங்கரபாகம், நான் தோத்துட்டேன்" என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூலை முதல் செவ்வாய்க்கிழமை, பூரணத்தம்மாள் என்று ஒரு அம்மாள் தன் மருமகனை, மாட்டைச் சந்தைக்குப் பிடித்துப் போகிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள். போன வருஷம் வடிவிடம் கம்மல் திருகாணி வாங்கிப்போனவள், அதனால் நேரே வடிவின் பெஞ்சுக்கே வந்தாள். மருமகன் முப்பத்தொரு வயது, தளவாய் என்று பேர், பஸ் கண்டக்டர். மேட்டு ஸ்டாப்பைத் தினம் நாலு தடவை தாண்டுகிறவன், நாலு தடவையும் டிக்கெட் கிழிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறவன். பெஞ்சிலும் வடிவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான்.

"பேரன்பேத்தி எடுக்க எட்டு வருஷம் தவமிருந்தோம் தாயி, இப்ப பேத்திக்குப் பேரு இல்ல" என்றாள் பூரணத்தம்மாள். "ஜோசியரு பேரை ஒரு சீட்டுல எழுதி, பேரு வைக்கிற அன்னிக்குத்தான் பிரிக்கணும்னு மடிச்சுக் குடுத்துட்டு, காசிக்குப் போயிட்டாரு. இந்தப் புண்ணியவான் சட்டைப் பையில வச்சாரு, எங்கயோ தொலைச்சுட்டாரு. எட்டு மாசமா அந்தப் பிள்ளைய ஏ பாப்பா, ஏ குட்டின்னு கூப்பிட்டுட்டிருக்கோம். அது எல்லாத்துக்கும் திரும்பிப் பாக்குது. நேத்து கருவாட்டுக்காரன் கூவுனதுக்கும் திரும்பிப் பாத்துச்சு!"

வடிவு தளவாயை ஒரு பார்வை பார்த்தாள். நான் மிஷினில் குனிந்திருந்தேன், ஆனாலும் பார்த்தேன், அவள் முகத்தில் ஒரு நிமிஷம் ரத்தமே இல்லை. அப்புறம் ஊருக்கெல்லாம் கேட்கிற அதே குரலில், "சொல்லுங்க, எப்படித் தொலைஞ்சுது?" என்றாள்.

தளவாய் சொன்னான். சட்டைப் பையில் வைத்தது, சட்டை சலவைக்குப் போனது. வடிவு பாக்கெட்டில் கையை விட்டாள். ஒன்றும் வரவில்லை. மூன்று வருஷத்தில் வடிவின் கை வெறுமனே திரும்பியது இதுதான் முதல் தடவை. வரிசையில் நின்றவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள், நான் எழுந்துபோய் என் தையலைப் பார்த்தேன்.

"கதை முழுசா வரல போல" என்றாள் வடிவு. "அதுக்கு முந்தி என்ன?"

"அதுக்கு முந்தி ஒண்ணுமில்ல" என்றான் தளவாய்.

"அடுத்த வாரம் வாங்க. யோசிச்சுட்டு வாங்க."

வாராவாரம் வந்தார்கள். பூரணத்தம்மாள் விட்டால்தானே. அவன் கதை ஒவ்வொரு செவ்வாய்க்கும் கொஞ்சம் பின்னால் போயிற்று. சீட்டுக்கு முந்தி பிள்ளை பிறந்தது, அதற்கு முந்தி கல்யாணம். 'நாத்தனார் முடிச்சுப் போட யாரும் இல்லையா?' என்று பெண்வீட்டார் கேட்டபோது, தனக்கு அக்கா தங்கச்சி கிடையாது என்று அவன் சொன்னது. அதற்கு முந்தி? அவன் அய்யா செத்தது. அதற்கு முந்தி? அய்யாவுக்கு வருகிற கடுதாசிகளைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பும்போது, தபால்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுடையதாக இருந்தது. இதைச் சொன்ன அன்று அவன் முதுகு திரும்பி, பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். அதற்கு முந்தி? தெரியாது, ஞாபகமில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒவ்வொரு வாரமும் வடிவு கையை விட்டாள், வெறும் கையை எடுத்தாள்.

ஆகஸ்டு முப்பத்தொன்று செவ்வாய்க்கிழமையாகவே வந்து தொலைந்தது. காலையில் டாக்டரம்மாவுக்கு மாலை போட்டார்கள், அந்தோணிக்கண் வாசித்த வாழ்த்துமடலில் ஊஞ்சல் என்ற வார்த்தை வந்ததும் அவரே அழுதுவிட்டார். வேன் மத்தியானமே வந்து கேட் பக்கம் நின்றது. நாலு மணிக்கு டாக்டரம்மா மாலையைக்கூடக் கழற்றாமல் பார்வை நேரத்துப் பெஞ்சுகளின் பின்னால் வந்து நின்றார். அஞ்சரை மணி அடித்தால் அவர் சூப்பரின்டெண்ட் இல்லை, அவர் கையெழுத்து செல்லாது.

தளவாய் அன்றைக்கு வடிவுக்கு நேர் எதிராக உட்கார்ந்தான்.

"அதுக்கு முந்தி?" என்றாள் வடிவு.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அதுக்கு முந்தி எங்க வீட்டு வாசல்ல ஒரு கார் வந்து நின்னுச்சு. எனக்குப் பத்து வயசு. எங்க ஊருக்கு வந்த முத காரு. நான் அதத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு நின்னேன். ரெண்டு பேரு எங்க அக்காளப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அவ என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'தளவாயி, கைய விட்டுராதலே'ன்னா. எங்க அய்யா என்னை ஒரு பார்வை பாத்தாரு. நான் உதறிட்டேன். அவளுக்குப் பிடி ஜாஸ்தி, ரெண்டு தடவை உதறினேன். அம்புட்டுத்தான். அதுக்கு முந்தி ஒண்ணுமில்ல."

வடிவின் வலது கை பாக்கெட்டுக்குள்தான் இருந்தது, கதை ஆரம்பித்ததிலிருந்தே அங்கேதான் இருந்தது, நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"எப்பவும் நானே துழாவணுமா?" என்றாள். "நீயே கைய விட்டுப் பாருலே."

மூன்று வருஷமாக யாரிடமும் அவள் அப்படிப் பேசியதில்லை. தளவாய் நிமிர்ந்து பார்த்தான். மெதுவாக அவள் பாக்கெட்டில் கையை விட்டான். ஆறு அங்குலப் பாக்கெட்டில் அவன் கை மணிக்கட்டுவரை போயிற்று, முழங்கைவரை போயிற்று, தோள்வரை போயிற்று. இருபத்தொரு வருஷம் ஆழம் இருக்கும்போல. கண்ணை மூடிக்கொண்டு, வாய் கோணிக்கொண்டு, உள்ளே எங்கேயோ துழாவிக்கொண்டே இருந்தான். அப்புறம் நின்றான். பிடித்துவிட்டான். பத்து வயதுப் பையன் மாதிரி ஓவென்று அழுதுகொண்டே இழுத்தான், அவளும் உள்ளேயிருந்து அவனைப் பிடித்துக்கொண்டாள், டர்ரென்று என் இரட்டைத் தையல் விட்டது. இரண்டு கையும் கோத்தபடி வெளியே வந்தன. கூடவே சலவையில் கசங்கி உருண்டையாகிப்போன ஒரு சீட்டும் விழுந்தது.

பூரணத்தம்மாள் சீட்டைத்தான் முதலில் எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள், ஒரு எழுத்து இல்லை. "போச்சு! பேரு அழிஞ்சு போச்சு!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு அத்தை நான் இருக்கையில, காதுல பேரு சொல்லச் சீட்டு எதுக்கு?" என்றாள் வடிவு.

பூரணத்தம்மாளுக்குப் புரிய நேரமாயிற்று. வடிவைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள், கோத்திருந்த கையைப் பார்த்தாள். மேட்டில் ஒரு நாத்தனார் இருக்கிறாள் என்று தெரிந்தால் பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொண்டு போன குடும்பங்களை நான் அறிவேன். டாக்டரம்மா மாலையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏ மாப்பிள்ளை!" என்று பூரணத்தம்மாள் போட்ட சத்தத்தில் வேன் டிரைவர் எழுந்துவிட்டான். "என் திருகாணிய எடுத்துக் குடுத்த பிள்ளைய அக்கான்னு சொல்லிக்கிட உங்களுக்கு வெக்கமா? ரெண்டு மாசமா என்னைப் பஸ்ல ஏத்தி ஏத்தி இறக்கி, சீட்டு சீட்டுன்னு அலைய விட்டீங்களே, பேரு சொல்லுற ஆளை இங்கல்லா விட்டு வச்சிருக்கீங்க! போடுங்க கையெழுத்த!"

அஞ்சு இருபத்தைந்து. படிவத்தை டாக்டரம்மாதான் நிரப்பினார். தளவாய் வலது கையால் அக்காள் கையைப் பிடித்திருந்தான், விடச் சொன்னோம், விடவில்லை, இடது கையாலேயே கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டான். உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினான். மணி அடித்தது. வடிவு டாக்டரம்மாவிடம் வந்து, "வாங்கம்மா, கேட்டத் தாண்டலாம்" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து தாண்டினார்கள். எதிரில் வந்த அஞ்சு நாற்பது பஸ் அவர்களுக்காக நின்றது, ஜன்னலோரம் இருந்த ஒருத்தரும் வயலைப் பார்க்கவில்லை. "வடிவக்கா, என் சாவி!" என்று ஒருத்தி கத்தினாள். "ரிட்டயர் ஆயிட்டேன்!" என்றாள் வடிவு.

அடுத்த வெள்ளிக்கிழமை பனையங்குளத்தில் பேர் வைத்தார்கள். வடிவு குழந்தையின் காதில் மூன்று தடவை சொன்னாள். என்ன பேர் என்று கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றபோது, குழந்தை முதல் தடவையாக ஒரே ஆள் பக்கம் திரும்பிச் சிரித்தது, வெற்றிலைத் தட்டோடு நின்ற டாக்டரம்மா பக்கம். பேர் ரூபவதி. தைத்தவன் நான் ஒருத்தன் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பரவாயில்லை, பெண் குழந்தைக்குச் சங்கரபாகம் என்று எப்படி வைப்பார்கள்.

மேட்டுப் பாக்கெட்டுகள் இன்னும் திருகாணி, சாவி, பல்செட் என்று கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வடிவு போட்டிருந்த அந்த அங்கியை மட்டும் அவள் மடித்து என் மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள், "அண்ணாச்சி, கிழிசலைத் தச்சிருங்க, அடுத்தவளுக்கு ஆகும்" என்று சொல்லி. நான் அதை ஆணியில் மாட்டினேன். புதிதாக வந்த சூப்பரின்டெண்ட், கிழிந்த உடையை ஏன் மூன்று மாதமாகத் தைக்கவில்லை என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். இது கிரேடு ஒன்று தைக்க வேண்டிய கிழிசல், அவர் வந்ததும் தைப்பார் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.